சினைப்பையும் இரண்டு பொட்டலமும்

திரேஸ்புரம் போகிற ரோட்டில் நானும் என் வீட்டுக்காரர் லிங்கராஜும் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். பருப்பு, புளியைவிட என்னிடம் அதிகம் போனது வைத்தியம்தான், அதுவும் இலவசமாக. வயிற்றுவலி என்றால் ஓமம், சளி என்றால் சுக்கு, மாமியார் முறைத்தால் அதற்கும் ஒரு யோசனை. யாரும் திரும்பி வந்து சண்டை போடாததால் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள் என்றே நினைத்திருந்தேன்.

ஊருக்குத்தான் உபதேசம். நாற்பத்தைந்து வயதில் எனக்கே பெரும்பாடு வந்து, மாதத்தில் பாதி நாள் உதிரம் போனபோது, வாயைத் திறக்கவில்லை. கருப்புச் சேலையாக உடுத்திக்கொண்டு, "எனக்குக் கருப்புதான் எடுப்பு" என்று பெருமை வேறு பேசினேன். ஒருநாள் மயங்கிப் புளி மூட்டைமேல் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கர்ப்பப்பை நிறையக் கட்டிகள் இருக்கின்றன, பையை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர் ஜெர்லின். தலையாட்டிவிட்டேன். அடுத்து ஒன்று கேட்பார் என்று நினைக்கவில்லை.

"சினைப்பை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அதை விட்டும் வைக்கலாம், சேர்த்து எடுத்துடவும் செய்யலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

எடுத்தால் மாதவிலக்கு நிற்கும் வயதின் தொந்தரவெல்லாம் உடனே வந்துவிடும், எலும்பும் இதயமும் சீக்கிரம் தளரலாம் என்றார். வைத்தால் பின்னாளில் புற்று வரக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. கருக்குழாய்களை மட்டும் எடுத்தாலே அது குறையும். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். என் சித்தி சினைப்பைப் புற்றில்தான் போனாள். வேறு யாருக்கும் இல்லை.

"அந்த ஒருத்தருக்காகக் கட்டாயம் எடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். முடிவு உங்களோடதுதான்."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் சொன்னார், "எடுத்துருளா. இதுல என்ன யோசன?"

சித்தியின் கடைசி நாட்களில் அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியதெல்லாம் அவர்தான். எனக்கோ வைத்துக்கொள்ளத்தான் ஆசை. எலும்பு, இதயம் என்று டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். உண்மை என்னவென்றால், ஒரே நாளில் கிழவியாக எனக்கு மனசில்லை. மாதாமாதம் தலைக்குச் சாயம் அடிக்கிறவளுக்கு இதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. சித்தியை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

சண்டை முற்றி, கடைசியில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார் அவர். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கும் வீடு வாங்கவும் ஊரார் குறி கேட்கிற அம்மனிடம் சினைப்பைக்கு வழக்குக் கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வெள்ளை வந்தால் வைப்பது, சிவப்பு வந்தால் எடுப்பது.

பொட்டலம் கட்டியது நான். வெள்ளை நந்தியாவட்டையை முதலில் கட்டினேன். முடிச்சு சின்னதாக விழுந்தது. சிவப்பு அரளியைக் கட்டும்போது கை நடுங்கி முடிச்சு பெருத்துவிட்டது. இரண்டையும் கூடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

கோயிலில் பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி வைத்து, "நீயே ஒண்ண எடும்மா" என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று பூசாரி நினைத்திருப்பார். பாதி வாழ்க்கையாகப் பொட்டலம் கட்டுகிற விரல் சும்மா இருக்குமா? தடவி, சின்ன முடிச்சைத் தேடி எடுத்தேன்.

பிரித்தால் சிவப்பு அரளி.

"இல்லியே, நான் வெள்ளையத்தான எடுத்தேன்!" என்று கத்திவிட்டேன்.

பூசாரி என்னைப் பார்த்தார். மற்றதை வெடுக்கென்று எடுத்துப் பிரித்தேன். அதிலும் அரளி. வீட்டுக்காரர் உண்டியலில் எழுதியிருந்ததை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். நான் குளிக்கும்போது அவிழ்த்துப் பூவை மாற்றி, என் முடிச்சு மாதிரியே திரும்பக் கட்டியிருக்கிறார். அவரும் அதே கடைக்காரர்தானே.

"சாமிகிட்டயே கள்ளச்சரக்கா?" என்றேன், நான் என்னவோ யோக்கியம் மாதிரி.

"நீ மட்டும் தடவித்தான எடுத்த?" என்றவர் உண்டியலை விட்டு என் பக்கம் திரும்பினார். "உன் சித்தி கெடந்த கெடயப் பாத்தவம்ளா நான். நீயும் அப்படிக் கெடந்தா என்னால பாக்க முடியாது. எனக்கு நீ வேணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூசாரி தீபாராதனையை அவசரமாக முடித்து எங்களை வெளியே அனுப்பினார்.

மறுநாள் டாக்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். பூவைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டுக்காரர் தன் பயத்தை எல்லாம் சொல்லிக் கேட்டார். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். வைத்தாலும் பயமே இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"குழாய எடுத்துருங்க டாக்டரம்மா. சினைப்பை இருக்கட்டும்" என்றேன். "பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் இருக்கட்டும்."

வீட்டுக்காரர் மேஜைக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்தார்.