பதிவேட்டில் ஒரு கோடு

பத்து வயதில் நான்கு நாட்கள் நான் அமெரிக்கக்காரியாக இருந்தேன். கண்ணாடி எவ்வளவோ மறுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பபேடான் கடைத்தெருவில் சமோசா விற்றவரிடம், இனிமேல் என்னோடு மரியாதையாகப் பேச வேண்டும் என்று எச்சரித்துவிட்டு வந்தேன். கடனுக்குத்தான் வாங்கினேன்.

காரணம், ஏழு நாள் விசாவில் ரங்கூன் வந்திருந்த ஓர் அமெரிக்க அம்மாள். தம் முன்னோர்களில் ஒருத்தியான ஹெப்சிபா லோம் என்பவளின் வம்சத்தைத் தேடி வந்திருந்தார். அமெரிக்காவின் மேற்குப் பக்கம் வெறும் காடாக இருந்த காலத்தில் மாட்டுவண்டியில் அங்கே போய், மரக்கட்டைகளால் வீடு கட்டி, கணவனையும் மூன்று பிள்ளைகளையும் அந்த மண்ணிலேயே புதைத்தவள் அவள். கடைசி மகள் மிஷன் பள்ளி ஆசிரியையாக ரங்கூன் வந்து, இங்கேயே இறந்துபோனாள். அந்த மகள் எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு வரி: இங்கேயும் ஒரு ஹெப்சிபா லோம் இருக்கிறாள். மகளுக்குப் பிறந்த குழந்தைதான் என்று அம்மாள் முடிவுகட்டிவிட்டார்.

நாங்கள் குடியிருந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருந்தது. என் கொள்ளுப்பாட்டியின் பெயர். அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைப்பதாகச் சொன்னார்.

நான்காம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா லப்பெத் என்கிற தேயிலை ஊறுகாயும் தேநீரும் வைத்தாள். அப்பா மொழிபெயர்த்தார். அதுவரை மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வாய் திறந்தாள்.

"தம்பி, அவுங்ககிட்ட உள்ளதைச் சொல்லிரு."

"சும்மா இருங்கக்கா. பிள்ளை படிச்சு முன்னுக்கு வரட்டும்."

"நம்ம பாட்டியப் பெத்தவ ஊர்லருந்து வந்த கப்பல்லயே செத்துப்போனவடா. மிஷன்ல எடுத்து வளத்தாங்க. யார் புண்ணியத்துல சோறு வந்துச்சோ அவுங்க பேரை வச்சாங்க. அம்புட்டுத்தான்."

அநாதைப் பிள்ளைக்கு அமெரிக்காவிலிருந்து யார் உதவி அனுப்புகிறார்களோ, அவர் பெயரையே பிள்ளைக்கு வைப்பது அந்த மிஷனின் பழைய வழக்கம். அப்பாவுக்கும் இது தெரியும். அவர் அம்மாள் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் தேநீர் குடிக்கிறீர்களா என்று அக்கா கேட்கிறாள் என்றார்.

அத்தை அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அம்மாளிடம் ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு ஆங்கிலம் வரும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பதிவேட்டைப் பார்த்து அம்மாள் நகல் எழுதிவந்த நோட்டை அத்தை தன் பக்கம் இழுத்தாள். தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. அதன்மேல் விரலை வைத்து, இவளை நான் எங்கே போய்த் தேடுவது என்று கேட்டாள். அம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் நான் அத்தையோடு பேசவில்லை. எங்கள் மேசையில் அன்று இரண்டு பெண்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியிடம் கடிதம் இருந்தது, மற்றவளிடம் ஒரு கோடுதான் இருந்தது. என் படிப்பே கிடைப்பதாக இருந்தும், அந்தக் கோட்டின் இடத்தில் இன்னொருத்தியின் மகளை நிரப்ப அத்தைக்கு மனம் வரவில்லை. இதெல்லாம் விளங்க எனக்கு நரை விழ வேண்டியிருந்தது. அன்று விளங்கியது அமெரிக்கா போய்விட்டது என்பது மட்டுமே.

அடுப்படிக்குப் போய் அழுதேன். "அப்ப நாம யாரும்மா?"

"எவளோ ஒருத்தி பெத்ததுதான். மூக்கைத் தொடச்சிட்டுச் சாப்பிட வா."