அமலா அக்காவை ஊசி கொல்லவில்லை

இதை யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அமலா அக்காவோடு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன். அப்பா கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு அஸ்தினாபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எங்கள் தெருவில் ஷாமியானா தெரிந்தது. அம்மா ஓடிவந்து, "அமலா போயிட்டாடி" என்றாள்.

எங்கள் தெருவில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டவர்கள் அக்காவும் நானும்தான். இரண்டு வீட்டிலும் ஃபிரிஜ் கிடையாது. எங்கள் மருந்து பாட்டில்கள் ஒரே டப்பாவில், அக்கா வீட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்கும். ஒருநாள் ஊசிக்குப் பயந்து அழுதேன். "இன்னாடி, உனுக்கு மட்டும் தனித் தோலா? என் தொடையப் பாரு, இட்லி மாதிரி வீங்கிக் கீது" என்று சிரிக்கவைத்தாள்.

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவள் வீட்டிலேயே தங்கினார்கள். ஊசி போடும் பெண் என்று தெரிந்தால் வேண்டாம் என்பார்கள் என்று பயந்து, அவர்கள் வருவதற்கு முன்பே அவளை வளர்த்த அத்தை ஊசியை நிறுத்திவிட்டார். என் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். அக்காவுக்கு நாட்டு மருந்தாகச் சிறுகுறிஞ்சான் பொடி மட்டும்தான். அவள் வாந்தி எடுத்தாள், மூச்சு வாங்கினாள். "பித்தம்" என்றார் அத்தை. பின்பக்க ஜன்னலில் அக்கா என் கையைப் பிடித்து, "என் பாட்டில எங்க ஒளிச்சாங்கன்னே தெரியலடி" என்றாள். என்னுடையதை எடுத்துக்கொண்டு ஓடினேன். "விருந்தாளி இருக்காங்க, அப்புறம் வா" என்று அத்தை கதவைச் சாத்தினார்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் பேசிக்கொண்டது இதுதான்: "ஊசி போட்டுப் போட்டே ஒடம்பு வெந்துபோச்சு."

அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நாளைக் காலை என் பாட்டிலை உடைத்துவிடுவாராம். இனி எனக்குப் பாகற்காய்ச் சாறுதானாம். "அவளுக்கு ஆனது உனக்கும் ஆவணுமா?" என்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பேச்சு மட்டும். "ஊசி பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாமே?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "சோறுகூடத்தான் பழகிப்போச்சு. விட்டுட்டு இருப்பியா?" என்றாள். இதை அப்பாவிடம் நான் சொன்னால் வாய் நீளுது என்பார். படித்த நீங்கள் சொன்னால் கேட்பார்.

விடிந்ததும் பால் வாங்கப் போகும்போது இதை உங்கள் கேட்டில் செருகிவிடுவேன். துக்கம் விசாரிக்க வந்தது போல உடனே வாருங்கள். அவளைக் கொன்றது ஊசி இல்லை, ஊசியை நிறுத்தியதுதான் என்று அப்பாவிடம்

அப்பா கதவைத் தட்டுகிறார்