மிசாகோவின் முதுகு

கொமோரி தெட்சுஹருவின் முகத்தை ஜப்பானில் எந்தக் குழந்தைக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் கடற்பருந்து முகமூடியோடு வந்து, அரக்கனைப் புரட்டி எடுத்துவிட்டு நடந்துபோவானே மிசாகோ, அந்த உடைக்குள் ஒரு வருடம் வெந்தது அவர்தான். முகமூடி போடுவதற்கு முன்னால் வரும் அழகான பையன் வேறு ஆள். வசனத்தையும் அவனே பிறகு வந்து பேசிவிடுவான். அவனுக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. கொமோரிக்கு வந்தது வேர்க்குரு.

நீகாட்டாவில் பிறந்தவர். பள்ளியில் கணக்கு ஏறவில்லை, குட்டிக்கரணம் ஏறியது. கேளிக்கைப் பூங்கா மேடைகளில் பதினொரு வருடம் அரக்கனாக நின்று உதை வாங்கினார். அடி வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நாற்பத்திரண்டு வயதில்தான் முதன்முதலாக நாயகன் உடை கிடைத்தது. சேதி கேட்ட மனைவி சுமியே, "ரொம்ப சந்தோஷம். உலகத்தைக் காப்பாத்துறதுக்கு முன்னாடி குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள்.

மிசாகோ தொடர் ஆகஸ்டில் முடிந்தது. அடுத்த வாரமே கொடாமா என்ற புதியவனின் தொடர் ஆரம்பம். அந்த உடைக்குள்ளும் கொமோரியைத்தான் போட்டார்கள். குளிர்காலத்தில் பழையவனும் புதியவனும் சேர்ந்து சண்டை போடும் படம் ஒன்று வரும். அதோடு பழையவன் கதைக்கு மங்களம் பாடிவிடுவார்கள். ஒரே மனிதன் இரண்டு உடைக்குள் நிற்க முடியாது அல்லவா? மிசாகோ உடை உபுகாத்தா என்ற இருபத்தாறு வயதுப் பையனிடம் போய்விட்டது.

கொமோரி அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். கடைசிக் காட்சியில் மிசாகோ கல்குவாரிச் சரிவில் ஏறி, அந்தப் பக்கம் மறைந்துபோவான். அந்த நடையை மட்டும் அவரே நடந்துவிட வேண்டும்.

தோச்சிகி கல்குவாரியில் படப்பிடிப்பு. காலையிலேயே இயக்குநர் ஹொரிகொமேயிடம் போய்த் தலையைச் சொறிந்தார்.

"அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் நானும் உபுகாத்தாவும் உடையை மாத்திக்கலாமா? ரெண்டு பேரு மூஞ்சியும் வெளிய தெரியாது."

"மசாயோ சரின்னா எனக்கும் சரி" என்று இயக்குநர் நழுவிக்கொண்டார்.

மசாயோ உடைகளுக்குப் பொறுப்பானவள். வாயில் குண்டூசியைக் கடித்தபடியே பேசுவாள்.

"உபுகாத்தாவுக்காக இடுப்புல நாலு விரக்கடை பிடிச்சாச்சு, கொமோரிசான். இப்பப் பிரிச்சா கிழிஞ்சுடும். மிச்சம் இருக்கறதே இது ஒண்ணுதான்."

"மூச்சைப் பிடிச்சுக்கிறேன்."

"மூச்சைப் பிடிச்சுக்குவீங்க. வயித்தை எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

ஆனாலும் போட்டுப் பார்க்க விட்டாள். பின்பக்க ஜிப் பாதி முதுகோடு நின்றுவிட்டது. அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். அது நகரவில்லை. மசாயோ வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "விடுங்க கொமோரிசான்" என்றாள், மெதுவாக.

அன்று முழுக்க உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. சண்டைக்கு நடுவில் இயக்குநர் கத்தினார். "கட்! கொடாமா, நீங்க மிசாகோ மாதிரி தோளை இறக்குறீங்க! எனக்கு ரெண்டு மிசாகோ வேண்டாம், ஒண்ணே போதும்!" எல்லோரும் சிரித்தார்கள். கொமோரியும் சிரித்திருப்பார். முகமூடி இருந்ததால் யாருக்கும் தெரியாது.

மதியம் சோற்றுப் பெட்டியோடு உபுகாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கொமோரிசான், தொடர் முழுசையும் ரெண்டு தடவ பாத்துட்டேன். மிசாகோ இடது காலை லேசா இழுத்து வைக்கிறானே, அது என்ன? தோத்தவங்களை நெனச்சு வருத்தமா?"

"முட்டி வலி."

உபுகாத்தாவின் குச்சியிலிருந்து வறுத்த கோழி கீழே விழுந்தது. "ஐயோ, நான் ஒரு மாசமா வருத்தப்பட்டுட்டே நடக்குறேனே!"

கொமோரிக்குப் புரையேறிவிட்டது. இவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லையே என்று அவருக்குக் கோபம் வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் கடைசிக் காட்சி. கொடாமா கீழே நிற்க வேண்டும், மிசாகோ மேலே போக வேண்டும். முதல் டேக்கில் கொமோரியின் கால் தானாக ஓரடி முன்னால் போனது.

"கட்! கொடாமாவுக்கு அவன் இன்னிக்குத்தான் பழக்கம். என்னமோ கூடப் பிறந்தவன் போற மாதிரி ஏன் பின்னாடியே போறீங்க?"

கொமோரி குனிந்து மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது டேக்கில் மரம்போல் நின்றார். இன்றைக்குத்தான் பழகிய ஆளை வழியனுப்புகிறவன் எப்படி நிற்பானோ அப்படி.

"கட்! ஓகே!"

எல்லோரும் கை தட்டினார்கள். மிசாகோ மட்டும் நிற்கவில்லை. முகமூடிக்குள் காது பாதிதான் கேட்கும், காற்றும் அடித்தால் சுத்தமாகக் கேட்காது. பக்கத்தில் போய்த் தோளைத் தட்டினால்தான் நிற்பார்கள். உபுகாத்தா பாட்டுக்கு மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டான்.

"விட்டா வீடு வரைக்கும் நடந்துடுவான்" என்று ஒருவர் சிரித்தார். "யாராவது ஓடுங்கப்பா!"

"நான் போறேன்" என்றார் கொமோரி.

முகமூடியைக் கழற்றி மசாயோ கையில் கொடுத்துவிட்டுச் சரிவில் ஏறினார். அந்தப் பக்கம் கேமரா இல்லை, விளக்கு இல்லை, வெறும் நாணற்புல். அதற்கு நடுவில் மிசாகோ போய்க்கொண்டிருந்தான். ஒரு வருடம் உள்ளே இருந்த மனிதர், முகமூடி ஓட்டை வழியாக இல்லாமல் தன் வெறும் கண்ணால் அவனைப் பின்னாலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெள்ளி முதுகில் வெயில் பட்டது. கொமோரி ஓடிப் பக்கத்தில் போனார். தோளைத் தட்டக் கையைத் தூக்கினார். தட்டவில்லை. தூக்கிய கையோடு பின்னாலேயே நடந்தார்.

கீழேயிருந்து இயக்குநரின் குரல் வந்தது. "கொமோரி! ஆளைப் பிடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல!" என்று கத்தினார் கொமோரி.