பிளெஸ்ஸி பேசிய முதல் வார்த்தை

ஆண்டவருடைய பிள்ளைகளே, சோமனூரிலிருந்து ஒரு தாய் இதைச் சொல்கிறேன்.

என் மகள் பிளெஸ்ஸிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து, காதுக்குள் கருவி வைத்தார்கள். மெஷினை ஆன் செய்த அன்றே "அம்மா" என்பாள் என்று நினைத்தேன். அவளோ பயந்து அலறினாள்.

"இனிமேல்தாங்க வேலையே இருக்கு. நாள் முழுக்க அவகிட்டப் பேசிக்கிட்டே இருங்க" என்றார் பேச்சுப் பயிற்சி டீச்சர்.

எங்கள் வீட்டை ஒட்டியே என் கணவர் செல்வராஜின் தறிக்கூடம். அந்தச் சத்தத்தில் பிள்ளைக்கு என்ன கேட்கும்? போதகரின் மனைவி எஸ்தர் அக்காதான் ஆலயச் சாவியைத் தந்தார். மத்தியானம் தோறும் அங்கே பாய் விரித்து உட்கார்வோம். பந்தை உருட்டி "பந்து, பந்து" என்பேன். பழத்தை உரித்து "பழம், பழம்" என்பேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாதங்கள் ஓடின. ஒரு சொல்கூட வரவில்லை. எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் அறைக்கும் நடப்பேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் பாதியில் எழுந்துவிடுவேன். "ஏனுங்க பிளெஸ்ஸி அம்மா, இத்தன பண்ணியும் புள்ள பேசலீங்களா?" என்று பக்கத்து வீட்டில் அக்கறையாகத்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வழியாகப் போவதையே விட்டேன்.

ஒரு நாள் பயிற்சியில், பிளெஸ்ஸிக்குப் பிறகு ஆபரேஷன் ஆன ஒரு குழந்தை "தாத்தா வா" என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். டீச்சர் என்னிடம், "ஊட்ல பேசறீங்கதானே?" என்றார். பஸ்ஸில் அவிநாசி ரோடு முழுக்க அந்தக் கேள்விதான் என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் ஆலயத்தில் வழக்கம்போல் பந்தை உருட்டினேன். பிளெஸ்ஸி அதை எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் வீசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தரையில் தலையை வைத்து வாய்விட்டுக் கதறினேன்.

"போதும் ஆண்டவரே. போதும். என்னால ஆகலீங்க."

"போத்தும்."

எஸ்தர் அக்கா வந்துவிட்டாரோ என்று நிமிர்ந்தேன். யாரும் இல்லை. பிளெஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்கிறாளா என்று அறிய, டீச்சர் சொல்லித் தந்தபடி என் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு "பந்து" என்றேன். என் கையைத் தள்ளிவிட்டு, "போத்தும்!" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு தறிக்கூடத்துக்கு ஓடினேன். செல்வராஜ் தறிகளை நிறுத்தினார். "நெசமாவா அம்மணி? கண்ணு, அப்பாவுக்கு ஒருக்கா சொல்லு தங்கம்" என்று கெஞ்சினார். அவள் வாயே திறக்கவில்லை. அவர் ஒவ்வொரு பிஸ்கட்டாக ஊட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் கையைத் தட்டிவிட்டு, "போத்தும்!" என்று கத்தினாள். நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்து அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

டீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணும் கலங்கியது. "இத்தன மாசமும் அவ கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. உள்ளயே சேத்து வெச்சிருக்கா. நீங்க பேசினது ஒண்ணுகூட வீணாப் போகல" என்றார்.

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. என் மகள் பதில் சொல்லாததால், கேட்கவில்லை என்று நினைத்தேன். என் ஆண்டவரைப் பற்றியும் அப்படியேதான் நினைத்திருந்தேன். அவர் மௌனமாக இருந்த மாதங்களிலும் என் ஜெபம் ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஸ்தோத்திரம்!

இன்று பிளெஸ்ஸி சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறாள். உச்சரிப்பு இன்னும் தெளியவில்லை. பள்ளியில் எப்படிச் சமாளிப்பாளோ என்று மனம் இப்போதும் அடித்துக்கொள்கிறது. ஆனால் முன்புபோல் பாதி ஜெபத்தில் எழுந்து ஓடுவதில்லை. பயத்தையும் அவரிடமே சொல்லி முடிக்கிறேன். பயிற்சிக்கு வரும் புதிய தாய்மார்களோடு உட்கார்ந்து அவர்களுக்காக ஜெபிக்கிறேன்.

உழைத்து உழைத்து ஒன்றும் காணாமல் சோர்ந்திருக்கிற சகோதரியே, சகோதரனே, அவரை நம்புங்கள். நாளைக்கும் வாய் திறந்து அவரிடம் பேசுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.