கையில் மைக் இருந்த வியாழக்கிழமை

பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடத்தில் எனக்குப் பெயர் ‘மைக் அண்ணன்’. புரொஜெக்டர் போடுவது, பேச்சாளருக்குக் காலர் மைக் மாட்டுவது, கேள்வி கேட்பவரிடம் கார்ட்லெஸ் மைக்கைக் கொண்டு ஓடுவது. ஓய்வு பெறும்வரை இதே வேலைதான். வியாழன்தோறும் மூன்றரை மணிக்கு எல்லாத் துறையினரும் கூடுவார்கள். முதல் கேள்வியைப் பேச்சாளரின் துறையைச் சேராதவர்தான் கேட்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. ஆனாலும் வியாழன் வந்தால் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் போவேன்.

ஒருமுறை வெளியூர்ப் பொருளாதார ஆய்வாளர் ஒருவர் பேச வந்தார். பொருள், எங்கள் போடியிலிருந்து மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். என் அக்கா செல்லத்தாயும் அந்த வேலைக்குத்தான் ஜீப் ஏறிக்கொண்டிருந்தாள். முதல் நாளே போனில் சொல்லிவிட்டேன்: “அக்கா, நாளைக்கு உங்க சோலியப் பத்தித்தான் பேசப் போறாக.”

ஆய்வாளர் ஒரு கிராஃபைக் காட்டினார். ஒரே ஜீப்பில் போன பெண்கள் எடுத்த காய் எல்லாம் ஏறத்தாழ ஒரே எடை. “கங்காணி கேக்கிற அளவு வந்ததும் கையை நிறுத்திடறாங்க. அதுக்கு மேல உழைக்க மனசில்லை” என்றார். கூடம் சிரித்தது.

நடப்பது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். எடை போடும் முன்பு, வெரசாக எடுப்பவள் தன் பையிலிருந்து பின்தங்கியவளுக்கு இரண்டு கை அள்ளிப் போட்டுவிடுவாள். எடை குறைந்தவளை மறுநாள் ஜீப்பில் ஏற்றமாட்டார்கள். அக்காவுக்கு முட்டி பிடித்துக்கொண்ட வருடம், மற்றவர்கள் அள்ளிப் போட்டதில்தான் அவளுக்கு வேலை போகாமல் இருந்தது.

“வேற துறையிலிருந்து முதல் கேள்வி?” என்றார் தலைவர். மைக் என் கையில், ஆனில் இருந்தது. நான் எந்தத் துறையும் இல்லை. வழக்கப்படி என்னைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? அதற்குள் வேதியியல் பேராசிரியர் கையைத் தூக்கினார். என் கால் பழக்கத்தில் அவரிடம் ஓடிவிட்டது.

காலர் மைக்கைக் கழற்றும்போது ஆய்வாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. “அண்ணே, கட்டுரையில திருத்திடறேன். ஆனா இதை எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கலாமே. நான் சொன்னதை நம்பிட்டுல்ல போயிட்டாங்க” என்றார். கூடம் காலியாக இருந்தது.

மாலையில் அக்கா போன் செய்தாள். “என்னப்பு, எங்களப் பத்தி என்ன சொன்னாக?”

“நல்லாத்தான்க்கா சொன்னாக. எல்லாரும் கை தட்டுனாக.”

“அப்பிடியா? நாளைக்கு ஜீப்புல எல்லார்ட்டயும் சொல்றேன்” என்றாள். சொல்லியும்விட்டாள்.

இப்போது போடியில் இருக்கிறேன். வியாழன் மூன்றரை மணியானால் அந்தக் கூடத்துக்கு மனசு ஏங்குகிறது. ஒரே ஒரு வியாழக்கிழமை திரும்பக் கிடைத்தால் போதும். அங்கே வேலைக்குச் சேரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: மைக்கைக் கொண்டு ஓடுகிறவனுக்கும் கேள்வி உண்டு. கேட்டுவிட்டு ஓடுங்கள்.

கடைத்தெருவில் அந்தப் பெண்கள் என்னைப் பார்த்தால் இன்னும் நிறுத்திக் கேட்கிறார்கள்: “ஏண்ணே, அம்புட்டுப் படிச்சவுகளும் எங்களுக்காகவா கை தட்டுனாக?”

“ஆமா தாயி” என்கிறேன்.