தாத்தாவின் தோளுக்குப் பின்னால்

அக்கா மகன் கார்த்தி அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான். வீட்டில் எல்லோருக்கும் சாக்லேட், சென்ட், டி-ஷர்ட். எனக்கு மட்டும் ஒரு புத்தகம். செங்கல் கனம்.

"சித்தி, உங்களுக்கு எதைக் குடுத்தாலும் திட்டுவீங்க. புஸ்தகம்னா படிச்சுட்டாவது திட்டுவீங்கன்னு வாங்கிட்டு வந்தேன்" என்றான்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

அவன் வேலை பார்க்கும் ஊர் சவானா. அமெரிக்காவின் தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கும் பழைய துறைமுகம். அந்த ஊரின் கதையைப் பழைய போட்டோக்களை வைத்தே சொல்கிற புத்தகம் அது. எழுத்து கொஞ்சம், படம் நிறைய. எனக்கு ஏற்ற புத்தகம்தான்.

துறைமுகத்தில் மலை மலையாகப் பஞ்சுப் பொதி. கிளையெல்லாம் தாடி மாதிரிப் பாசி தொங்கும் மரங்கள். தொப்பி வைத்த கனவான்கள், குடை பிடித்த சீமாட்டிகள். புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன்.

நெல்.

சத்தியமாக நெல்தான்! ஆற்றுத் தண்ணீரை மதகு வைத்துத் திருப்பி, வரப்புக் கட்டி, நம் ஊர் மாதிரியே வயல். கறுப்பினப் பெண்கள் இருவர் உரலில் உலக்கை போட்டுக் குத்துகிறார்கள். இன்னொருத்தி தட்டையான கூடையில் நெல்லைப் புடைக்கிறாள். எங்கள் கீழ்வேளூர்ப் பக்கம் யாரிடமாவது இந்தப் படத்தைக் காட்டினால், "இது யாரு, எந்தத் தெரு?" என்றுதான் கேட்பார்கள். நெல் வேலை தெரிந்தவர்களாகப் பார்த்து ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து விற்றார்கள் என்று கீழே எழுதியிருந்தது.

எதிர்ப் பக்கத்தில் அதே வயலின் முதலாளி, குதிரையில். அவர் பெயர் இருந்தது. ஆற்றின் பெயர் இருந்தது. குதிரையின் பெயரும் இருந்தது. அந்த மூன்று பெண்களுக்கு மட்டும் — "நெல் வேலையாட்கள்."

எனக்கு வந்ததே கோபம்.

"குதிரைக்குப் பேர் இருக்குடா! மனுஷிக்கு இல்ல. என்ன ஊர்டா உன் ஊரு?"

கார்த்தி சிரித்தான். "சித்தி, நம்ம மாமா வீட்டு டிராக்டர் போட்டோவுல எத்தனை பேருக்குப் பேர் இருக்கு?"

எனக்குப் பதில் சொல்லமுடியாத கேள்வியை யாராவது கேட்டால் நான் உடனே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். கிளம்பினேன். தஞ்சாவூரிலிருந்து காரில் கீழ்வேளூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு. கார்த்திதான் ஓட்டினான்.

டிராக்டர் போட்டோவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊருக்கு முதல் டிராக்டர் வந்த அன்று, என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து போட்டோக்காரரை வரவழைத்துக் களத்தில் எடுத்த படம். நடுவில் மாலை போட்ட டிராக்டர். அதன்மேல் கை வைத்துக்கொண்டு தாத்தா நிற்கிறார். இரண்டு பக்கமும் நாற்காலிகளில் குடும்பம். டிராக்டர் சீட்டில் சின்னப் பையனாக என் அண்ணன். நான் இல்லை, அம்மா வயிற்றில் இருக்கிறேன். பின்னால் கீழத்தெரு ஆட்கள், அறுவடைக்கு வந்தவர்கள், வரிசையாக.

அருமையான படம். ஒரே ஒரு குறை. முன்வரிசையில் பாதிப் பேருக்குத் தலை கிடையாது.

பேய்க் கதை இல்லை, கத்தரிக்கோல் கதை. நம் பக்கத்தில் ஒருவர் இறந்தால் காரியத்துக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். உயிரோடு இருக்கும்போது யார் தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்? குரூப் போட்டோவைத்தான் ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். எங்கள் சின்னத் தாத்தா இறந்தபோது அப்படித்தான் முழுப் படத்தையும் கொடுத்து, "ஓரத்திலேர்ந்து மூணாவது ஆள்" என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த ஓரம் என்று சொல்லவில்லை. ஸ்டுடியோக்காரர் மறு ஓரத்திலிருந்து எண்ணிவிட்டார். காரியத்தன்று மாலையும் பொட்டுமாகக் கூடத்தில் இருந்தது — உயிரோடு இருந்த சீர்காழி மாமா! அவர் சாப்பிட வந்தவர், தன் படத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து, இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். யார் இறந்தாலும் அவர் தலையைச் சதுரமாக வெட்டி, அதை மட்டும் ஸ்டுடியோவில் கொடுப்பது. தப்பே நடக்காது பாருங்கள்!

ஆக, அந்தப் படத்தில் முன்வரிசைக்குப் பெயர் இருக்கிறது, தலை இல்லை. பின்வரிசைக்குத் தலை இருக்கிறது, பெயர் இல்லை. அவர்கள் படத்தை வெட்டி மாலை போட எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லையே.

ஊருக்குப் போனதும், அண்ணன் வீட்டில் இருந்த அந்தப் படத்தைச் செல்போனில் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பின்வரிசையில் நிற்பவர்கள் யார் யார்? தெரிந்தவர்கள் சொல்லவும்." முதலில் ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார். மணி மதியம் மூன்று. அடுத்தவர் கட்டைவிரல். மூன்றாமவர், "ஆத்துல தண்ணி எப்ப வருது, யாருக்காவது தெரியுமா?"

அப்புறம் ஒரு போன் வந்தது.

"மேடம், நான் மலர்க்கொடி பேசறேன். மேத்ஸ் டீச்சர்."

தெரியும். கீழத்தெரு. அண்ணன் மகன் அவரிடம்தான் கணக்குப் படித்தான், குட்டும் வாங்கினான். என்னைவிட ஒரு வயது சின்னவர்.

"மேடமாவது கீடமாவது. அக்கான்னு சொல்லு மலர்."

"அக்கா... உங்க தாத்தாவுக்குப் பின்னால ஒருத்தங்க நிக்கிறாங்கல்ல, பாதி முகம் தெரியுதே... அது எங்கம்மாவா இருக்குமோன்னு அண்ணன் சொல்றாரு."

மலரைப் பெற்ற சில மாதங்களில் அவர் அம்மா அஞ்சலை காய்ச்சலில் போய்விட்டார். ஒரு படம் கிடையாது. வருஷா வருஷம் படையல் போடும்போது ஒரு புதுப் புடவை, ஒரு விளக்கு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சொம்பு. ஐம்பது வயது தாண்டியும் மலருக்கு அம்மா என்றால் அந்தச் சொம்புதான்.

"ஆனா அண்ணனுக்கு நிச்சயமா தெரியல. சின்னம்மாவா கூட இருக்கலாமாம். பாதி முகத்தை வெச்சு எப்படிச் சொல்றதுங்கறாரு. நிஜப் படத்தைப் பார்க்கலாங்களா?"

வந்தார்கள். மலரின் அண்ணன் கலியபெருமாள் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாசலில் தயங்கி நின்றார்.

"வாங்க, உள்ள வாங்க" என்றான் என் அண்ணன்.

"வர்றேன், வர்றேன். இந்த வீட்டுக்கு நூறு தடவை வந்திருப்பேன். எல்லாம் கொல்லைப் பக்கமா. முன்வாசல் எத்தனை படின்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கலியபெருமாள் படத்தை ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார். தாத்தாவின் தலை இருந்த இடத்தில் சதுர ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் ஒரு பெண்ணின் காது, கன்னம், ஒற்றைக் கண். மீதியைக் கத்தரிக்கோல் கொண்டுபோயிருந்தது.

"டிராக்டர் வந்த அன்னிக்கு அம்மா வந்து சொல்லிச்சு. 'என்னையும் போட்டோ புடிச்சாங்கடா, அய்யா தோளுக்குப் பின்னால நின்னு எட்டிப் பார்த்தேன்'னு. ஆனா சின்னம்மாவும் பக்கத்துலதான் நின்னிச்சாம். வாயைப் பார்த்தாச் சொல்லிடுவேன். இதுல வாய் எங்க இருக்கு?"

மலர் படத்தை வாங்கி, ஓட்டை வழியாகத் தெரிந்த தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நிமிர்ந்து கூடத்துச் சுவரைப் பார்த்தேன். நடுவில் முட்டை வடிவமாக வெட்டிய அட்டைக்குள் தாத்தா. மாலையோடு, சிவப்பு பல்போடு. வெட்டியது சதுரம். சுவரில் இருப்பது முட்டை. அப்படியானால் மூலைகள் எங்கே போயின?

"அண்ணே, தாத்தாவை இறக்கு."

"என்னது?"

"அட்டைக்கு அடியில இருக்காங்க. இறக்கு."

"ஆடி மாசத்துல தாத்தா படத்தை இறக்கறதா? நல்ல நாள் பார்த்து, கற்பூரம் காட்டி—"

"ஐம்பது வருஷமா தொங்கறார். அஞ்சு நிமிஷம் கீழ உட்கார்ந்தா குறைஞ்சிடமாட்டார்!"

"கண்ணாடி உடைஞ்சா?"

"உடையட்டும்."

மலர் நடுவில் வந்தார். "வேணாங்க சார். எனக்காக சாமி படத்தை..."

அண்ணன் அவரைப் பார்த்தான். என்னிடம் மூன்று நாள் சண்டை போடக்கூடியவன், அந்தக் குரலுக்கு உடனே ஸ்டூலை இழுத்தான். "டீச்சர், என் பையன் பாஸானதே உங்களாலதான். நீங்க சும்மா இருங்க." ஏறி, "தாத்தா, கோவிச்சுக்காதீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான்.

பின்னால் பல்லி முட்டை, மக்கிய செய்தித்தாள், துருப்பிடித்த ஆணிகள். அண்ணன் திருப்புளியால் ஒவ்வொன்றாக நெம்பினான். முட்டை அட்டையைத் தூக்கினான்.

தாத்தாவின் இடது காதுக்குப் பக்கத்தில், ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கியபோது கூடவே பெரிதான பாதி முகம். ஒரு கண். மூக்குத்தி. வாய் — சிரிக்கும் வாய். மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல்.

கலியபெருமாள் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மாதான். சின்னம்மாவுக்குப் பல்லு நேரா இருக்கும். போட்டோக்காரரு யாரும் சிரிக்காதீங்கன்னு சொன்னாராம். அதைக் கேட்டதும்தான் சிரிப்பு வந்திச்சாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சிச்சு."

எனக்குத் தெரிந்து மலர் பேசும்போதும் சிரிக்கும்போதும் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார். வகுப்பிலும் அப்படித்தான், வலது கையில் சாக்பீஸ், இடது கை வாயில். அதே தெத்துப்பல்தான் காரணம். அன்று அந்தக் கை கீழே இறங்கியதை நான் பார்த்தேன். அழுதுகொண்டே வாய் நிறையச் சிரித்தார்.

கார்த்தி இரண்டு பாதிகளையும் போட்டோ எடுத்து லேப்டாப்பில் ஏற்றி, ஒன்றைச் சுருக்கி, ஒன்றை இழுத்து ஒட்டினான். முகம் சேர்ந்துவிட்டது. நடுவில் நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு கோடு.

"ஏஐ போட்டா கோடு தெரியாமப் பண்ணிடலாம் ஆன்ட்டி. கலர்கூடப் பண்ணலாம். பல்லை நேராக்கணும்னா—" என்று மலரிடம் ஆரம்பித்தான்.

"தொட்டேன்னா தெரியும்" என்றேன் நான்.

"வேணாம் தம்பி" என்றார் மலர். "நேராக்கினா அது வேற யாரோ."

"அப்ப அம்மா முகத்தை மட்டும் தனியா வெட்டித் தர்றேன்."

"வெட்டவே வேணாம். உங்க தாத்தா தலையையும் ஒட்டி, முழுப் படமாக் குடுங்க. அவர் தோளுக்குப் பின்னால நின்னுதானே சிரிச்சாங்க. எங்க நின்னாங்களோ அங்கயே இருக்கட்டும்."

இப்போது கலியபெருமாளும் என் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பின்வரிசைக்குப் பெயர் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சண்டை, ஒரு காபி. பாதிக்கு மேல் கண்டுபிடித்தாயிற்று. டிராக்டருக்கும் ஒரு பெயர் இருந்ததாம். அதை எழுதக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சவானாவில் குதிரைக்கு எழுதியதே போதும்.

ஒன்றை மட்டும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் தாத்தாவுக்கு என்று கட்டிய மல்லிகையில் பாதி, அட்டைக்கு அடியிலிருந்த அஞ்சலைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தாத்தாவைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டார்.