புல் பிடிக்கும் வரை

யார் வீட்டுப் புல்தரையிலாவது கோரை முளைத்திருந்தால் என் கை சும்மா இருக்காது. கல்யாண மண்டபமோ ஆஸ்பத்திரி வாசலோ, குனிந்து பிடுங்கிவிடுவேன். "இங்கேயும் ஆரம்பிச்சாச்சா?" என்பாள் மனைவி. கோரையைச் சும்மா இழுத்தால் போதாது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று இருந்த இடத்தில் நாலு வரும். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த மைதானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

சுனாமி வந்து போன மறு வருஷம் அது. வண்டலூருக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தது மைதானம். பழைய புல்லை உரித்துப் போட்டு, மண்ணைப் புரட்டி, புதுப் புல் வளர்த்துத் திறப்பதற்காக அதை மூடியிருந்தார்கள். விவசாயம் படித்துவிட்டு உரம் விற்று அலைந்துகொண்டிருந்த என்னைப் புல்லுக்கு சூப்பர்வைசராக எடுத்துக்கொண்டார்கள். சேலையூரிலிருந்து தினமும் பைக்கில் போவேன். ஆடுமாடுகூடத் தின்னாத புல்லை வளர்க்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று அப்பாவுக்கு ஆற்றாமை. எனக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மைதானத்தை மூடியதும் முதலில் பிழைப்புப் போனது, ஆட வருபவர்களின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவர்களுக்கு. இங்கிலீஷில் அவர்களுக்கு கேடி என்று பெயர். நம் ஊரில் அந்த வார்த்தை போலீஸ் ஸ்டேஷன் போர்டில் இருப்பதால், அவர்கள் தங்களை 'பேக் தூக்குறவங்க' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த முப்பது பேர் இருந்தார்கள். அவர்களையே தினக்கூலிக்குப் புல் நட வைத்தார்கள். மைதானம் திறந்ததும் மறுபடி பை தூக்கப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். அவர் மனைவிக்குப் பொத்தேரியில், காலேஜ் பையன்கள் தங்கும் ஹாஸ்டலில் சமையல் வேலை. பதினேழு வருஷம் பை தூக்கியவர் ஒரு தடவைகூட மட்டையைப் பிடித்து ஆடியதில்லை. ஆனால் பந்து எந்தப் பக்கம் உருளும் என்று தரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். பந்து போய் விழும் குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிவிட்ட புல்தரை இருக்கும், அதற்கு கிரீன் என்று பெயர். பதினோராம் கிரீனில் மணல் கொட்டுவதற்கு முன் நான் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

"சார், அந்த மூலைல தண்ணி நிக்கும்."

"மட்டம் சரியா காட்டுதே அண்ணா."

"காட்டட்டும் சார். தண்ணி நிக்கும்."

ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். நின்றது. குடத்தைத் திருப்பி வைக்கப் போய்விட்டார். அன்றைக்கே பதினோராம் கிரீனை அவர் பொறுப்பில் விட்டுவிட்டேன்.

இந்தப் புல்லுக்கு விதை கிடையாது. ஈரச் சாக்கில் லாரியில் வரும் தண்டுகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, மணலில் வரிசையாகப் பதித்து, ஒரு கணு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அழுத்த வேண்டும். பிறகு பகல் முழுக்க ஆறேழு தடவை தூறல் போலத் தண்ணீர். அது வேர் பிடிக்கும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. பலகை போட்டு, அதன் மேல் குந்திக்கொண்டுதான் கோரை எடுக்க வேண்டும். அவர் மணிக்கணக்கில் அந்தப் பலகையில் இருப்பார். கொக்கு வந்து இறங்கினால்கூடத் துண்டை வீசுவார். "யோவ், இது இன்னா ஏரின்னு நெனச்சுகினியா?"

அதே சமயத்தில் மைதானம் முழுக்க வளைந்து வளைந்து ஒரு சிமெண்ட் பாதையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்து பை தூக்குகிறவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

"நமக்குத்தான் சார். மழைல பையத் தூக்கினு வழுக்கி வுழுறோம்ல, அத்த யாரோ பெரிய மனுசன் பார்த்துகீறாரு," என்றார் அவர்.

பாதையின் இரண்டு ஓரத்திலும் புல் பதித்தவர்கள் அவர்களேதான். ஆள் நடக்க எதற்கு இத்தனை அகலம் என்று யாரும் கேட்கவில்லை. ஐப்பசி வரை எனக்கும் தெரியாது. ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு வழவழப்பான ஒரு புத்தகத்தைக் காட்டினார். இரண்டு பேர் உட்காரும் பேட்டரி வண்டிகளின் படங்கள்.

"ஆர்டர் போட்டாச்சு. பேக்கைப் பின்னாடி மாட்டிக்கலாம், ஆளே வேணாம். கிராஸ் செட் ஆகற வரைக்கும் விஷயம் இந்த ரூமைத் தாண்டக் கூடாது. தெரிஞ்சா நாளைக்கே ஒருத்தனும் வரமாட்டான்."

"சரி சார்," என்றேன்.

அந்த வருஷ மழையைத் தாம்பரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். என் பைக் இரண்டு முறை நடுரோட்டில் படுத்துவிட்டது. மைதானத்தில் நட்ட தண்டுகள் மணலோடு மிதந்து போய்ப் பள்ளத்தில் குவிந்து கிடந்தன. பதினோராம் கிரீனில் பாதி போயிருந்தது. தண்ணீர் நிற்கும் என்று அவர் சொன்னதால் மேடாக்கியிருந்த மூலை மட்டும் அப்படியே நின்றது. எல்லாவற்றையும் மறுபடி நட வேண்டும் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அவர் சாக்கைப் பிரித்து முதல் வரிசையை ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களும் குந்தினார்கள்.

அந்த வாரத்தில்தான் அவர் என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். சிறுசேரில கம்ப்யூட்டர் கம்பெனில செக்யூரிட்டி வேலை கீதாம். மச்சான் சொல்லி வெச்சுகீறான். யூனிபார்ம், பி.எஃப். அல்லாம் உண்டாம். திங்கக்கெழம வரச் சொல்றாங்க. வயசு ஏறிட்டா அப்பால எடுக்க மாட்டாங்களாம். வூட்டுல போ போன்னு நச்சரிக்குது. நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர் போனால் பின்னாலேயே பத்துப் பேர் போவார்கள். பதினோராம் கிரீன் பிடிக்காது. சொன்ன தேதிக்கு மைதானம் திறக்காது. முதல் முறையாக ஒரு வேலையில் எனக்குக் கிடைத்திருந்த நல்ல பெயரும் போய்விடும். இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. அவருடைய வீடு ஓடவில்லை.

"போகாதீங்க அண்ணா. புல் பிடிக்கிற வரைக்கும் இருங்க. திறந்துட்டா உங்களுக்கு இங்கேயே நல்லா இருக்கும்."

மேனேஜர் என்னை வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் சொன்னார். இங்கேயே நல்லா இருக்கும் என்றது என் சொந்தச் சரக்கு.

"நீங்க சொன்னா சரி சார்," என்று பலகைக்குப் போய்விட்டார். சிறுசேரி வேலைக்கு மச்சானுடைய பக்கத்து வீட்டுக்காரர் போனார்.

தை பிறந்தபோது புல் பிடித்துவிட்டது. தண்டுக்குத் தண்டு கைகோத்து, மணலே தெரியாமல் மூடிக்கொண்டது. முதல் முறையாக மெஷின் ஓட்டி வெட்டிய அன்று அவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரே ஒரு தபா கால் வெச்சுக்கட்டுமா சார்?"

வெறுங்காலோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக நடந்தார். திரும்பி வந்து, "மொட்டையடிச்சு முடி மொளைச்ச புள்ளத் தலை மாரி கீது சார்," என்று சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிறுசேரி வேலைதான் போய்விட்டதே, இனிமேல் சொல்லி என்ன பயன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பங்குனியில் மைதானம் திறந்தது. காலை ஆறு மணிக்கே முப்பது பேரும் கேட் வாசலில் நின்றிருந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். உள்ளே, வேப்ப மரத்தடியில், வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. நடந்து ஆட விரும்பும் சிலருக்காக என்று மேனேஜர் எட்டுப் பேரை மட்டும் கூப்பிட்டார். எல்லாம் இளவட்டங்கள். மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி மேனேஜர் காலடியில் எறிந்தார். இவர் சத்தம் போடவில்லை. மெஷின் ஷெட்டுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்தார்.

"சார், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது அண்ணா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை, அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அதுவரை என்னைத் தொட்டுப் பேசாதவர், தோளில் கையை வைத்தார்.

"பாவம் சார் நீங்க. மழ வெயிலு பாக்காம எங்க கூடவே நின்னீங்க. உங்ககிட்ட கூட சொல்லாம ஏமாத்திட்டானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

தலையை ஆட்டினேன். சிமெண்ட் பாதையில் முதல் வண்டி சத்தமில்லாமல் போனது. அது வளைவில் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோராம் கிரீன் ஓரத்துல ரெண்டு கோரை தல தூக்கியிருக்கு சார். கெழங்கோட எடுக்கச் சொல்லுங்க," என்றார். பிறகு, "மூஞ்சி ஏன் இப்படி வாடிப் போச்சு? வாங்க, ஒரு டீ சாப்பிட்டு வரலாம்."

போனேன். கேட்டுக்கு எதிரே இருந்த கடையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாங்கிக் கொடுத்த டீயை முழுவதுமாகக் குடித்தேன்.